அந்த வரத்துக்கால மூட வேணாம்

தம்பிக்கு,

ஆத்தாவுக்கு முட்டுவலி இப்ப பரவால்ல. நீ கேட்டதுக்கு போன்லயே பதில் சொல்லிருக்கலாம், பேசுனா சத்தம் போட்டுருவேன்னுதான் எழுதுறேன்.

ஆத்துலயே வருசத்துல முக்காவாசி நாளு மணல்தான் கெடக்கு, நம்ம எடத்து ஓரமா கண்மாய்க்கு, அதான் ஏரிக்கு, மழைத்தண்ணி கொண்டு போற வாய்க்கால, அந்த வரத்துக்கால மூடி ப்ளாட் போட்டா யாருக்கு என்ன நட்டம்னு கேட்டல்ல. நம்ம சிவகங்கைப் பக்கத்து ஆறெல்லாம் விருசுழியோ தேனாறோ மணிமுத்தாறோ எதுவா இருந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழைய நம்பித்தான் ஓடுது, பூமி கெழக்க கடல் பக்கம் சரிஞ்சு கெடக்கறதால அந்தச் சரிவுல வரிசையா கண்மாய் போட்டு வச்சாங்க, ஒன்னு நெறஞ்சு கலுங்குல, அதான் மிச்சத் தண்ணி வெளியேற கரையில கட்டுன கல்லுக்கட்டுல, வழிஞ்சா மறுகால் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போவும், எல்லாம் போக மிச்சந்தான் ஆத்துக்கு. ஆத்த மணல்ல தேடுனா எங்க இருக்கும், அது கண்மாய்லல்ல இருக்கு.

கலுங்கு மேல குத்துக்கல்லு நட்டிருக்கும் பாத்திருப்ப. மழை முடியிற நேரத்துல அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல புல்லும் களிமண்ணும் வச்சு அடைச்சு இன்னும் கொஞ்சம் தண்ணி தேக்குவாங்க, திடீர்னு பெருமழை புடிச்சா அடைப்ப தட்டிவிட்டா போதும், கரை தப்பிச்சுரும். மோட்டார் கெடையாது, கரண்ட்டு கெடையாது. ஆனா வரத்துக்கால்ல தண்ணி வந்தாத்தான் இதெல்லாம்.

கொள்ளுக்குடிப்பட்டில பறவைக பயந்துரும்னு தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்கன்னு ஒனக்கே தெரியும், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்னு 1977ல அறிவிச்சது அந்தப் பக்கத்துக் கண்மாய்களத்தான். கண்மாய்க்குள்ள நிக்கிற கருவ மரத்துல நாரையும் வக்காவும் கூடு கட்டும், கீழ தண்ணி நின்னாத்தான் மரநாய் மனுசன் அண்டாது, தண்ணி வத்துனா கூட்ட விட்டுட்டு போயிரும். நத்தைகுத்தி நாரை அலக மூடுனாலும் நடுவுல சந்து தெரியும், அலகு நுனிய ஓட்டுக்குள்ள விட்டு நத்தைய சதையா உருவி எடுத்துட்டு ஓட்ட கரையில போட்டுட்டுப் போவும், பாக்கணும் நீ. அது எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாஞ்சா ஒரமே வேணாம்பாங்க அங்குட்டு உள்ளவங்க. சீமக்கருவ மட்டும் போட்டு அடைச்சுக்கிட்டு நிக்கிது, அந்தக் கருமத்த எவன்தான் வெட்டுவானோ.

ப்ளாட் கேட்ட ஆளுகிட்ட சொல்லிட்டேன், ரோட்டுப் பக்கம் வேணா பேசலாம், வாய்க்கா பக்கம் ஒரு அடி கூட கெடையாதுன்னு. நீ பவர் பத்திரம் எதுவும் அனுப்பாத. மார்கழில லீவு கெடச்சா வா, விடியக்கால கொள்ளுக்குடிப்பட்டி போய்ட்டு வருவோம்.

அப்பச்சி