பாடம் வேறு, பதிவு வேறு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போனேன். அவளிடம் என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி மட்டும் விடுவேனா என்கிறது; அந்தக் கதை கிடக்கட்டும்.

கல்லூரியின் இணையவழிப் படிப்புகளை உன் தலையில் கட்டிவிட்டார்களா! வேதியியல் வாத்தியாருக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று நீ புலம்பியதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் நீ கேட்ட கேள்வி சிரிக்கக்கூடியது இல்லை. முன்னால் பொறுப்பில் இருந்தவர், "தினமும் ராத்திரி தானாகவே பேக்கப் ஆகிவிடும், கோளாறு இருந்தால் மெயில் வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதுவரை ஒரு மெயிலும் வரவில்லை, அப்படியானால் எல்லாம் சரிதானே என்கிறாய்.

மெயில் வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ராத்திரி நேரத்தில் ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய், தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சில நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி. தரவுத்தளம் புதிய பதிப்பு, பேக்கப் எடுக்கும் நிரல் பழைய பதிப்பு, ஆகவே ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போயிருக்கின்றன, ஆனால் முறையான கையொப்பம் இல்லை என்று அவற்றை மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக யாரோ ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். அப்போதும் அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். அவர்கள் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, பேக்கப் சரியாக முடிந்தாலும் தினமும் மெயில் வரும்படி சர்வர் பார்க்கும் பையனிடம் மாற்றச் சொல். அதில் கோப்பின் அளவும் தேதியும் இருக்கட்டும். அளவு திடீரென்று சுருங்கினால் உன் கண்ணுக்கே தெரிந்துவிடும், கணினி வல்லுநர் வேண்டாம். ஒரு நாள் மெயில் வராவிட்டால் அன்றைக்கே போன் செய்.

அடுத்தது, எது பேக்கப் ஆகிறது என்பது. நீங்கள் வைத்திருப்பது மூடுல் என்ற இணையவழிப் படிப்பு மென்பொருள் என்று எழுதியிருந்தாய். அதில் 'தானியங்கி பேக்கப்' என்று ஒன்று உண்டு. முன்னால் இருந்தவர் சொன்னது அநேகமாக அதுதான். அது ஒவ்வொரு படிப்பையும் எம்பிஇசட் என்ற மூடுலின் சொந்த வடிவத்தில் தனித்தனிக் கோப்பாக எடுத்து வைக்கும். மொத்தத் தளத்தின் பேக்கப் அது இல்லை. அதைவிட, இயல்பான அமைப்பில் விட்டால் அந்தக் கோப்புகளை மூடுல் தன் தரவுக் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். டிஸ்க் போனால் படிப்பும் போகும், அதன் நகலும் கூடவே போகும். எங்கே சேமிக்கிறது என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்து எனக்கு எழுது.

முழுத் தளத்துக்கு மூன்று வேண்டும்: மூடுலின் நிரல், தரவுத்தளம், மூடுல்டேட்டா என்ற கோப்புறை. நிரலைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், அமைப்பு விவரங்கள் உள்ள கான்ஃபிக் கோப்பையும் நீங்கள் சேர்த்த பிளகின் என்ற கூடுதல் நிரல்களையும் மட்டும் பத்திரப்படுத்தினால் போதும். மற்ற இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று உதவாது. மூடுல்டேட்டாவுக்குள் ஃபைல்டிர் என்ற கோப்புறையை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல். 'கரிம வேதியியல் பாடம் 3' என்று நீ ஏற்றிய பிடிஎஃப் அந்தப் பெயரில் எங்கும் இருக்காது. இரண்டெழுத்துப் பெயருள்ள கோப்புறை, அதற்குள் இன்னொரு இரண்டெழுத்துக் கோப்புறை, அதற்குள் எண்ணும் எழுத்தும் கலந்து நாற்பது எழுத்துள்ள பெயர்; பின்னால் பிடிஎஃப் என்ற ஒட்டுகூட இருக்காது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வைக்கும் பெயர் அது. எது யாருடைய விடைத்தாள், எது எந்தப் பாடம் என்ற விவரம் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. டோக்கன் போட்டு வாங்கி வைத்த மூட்டைகள் எல்லாம் பத்திரமாக இருந்து, டோக்கன் நோட்டு தொலைந்துபோனால் எப்படியோ அப்படி.

இரண்டையும் எடுக்கும்போது தரவுத்தளத்தை முதலில் எடுக்கட்டும், கோப்புகளைப் பிறகு. நடுவில் யாராவது விடைத்தாள் ஏற்றினால், நகலில் ஒரு கோப்பு அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். வரிசையை மாற்றினால் பட்டியலில் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது. கேஷ், டெம்ப், செஷன் என்ற தற்காலிகக் கோப்புறைகளை விட்டுவிடலாம், இடம் மிச்சமாகும்.

ஆசிரியர்கள் தங்கள் படிப்பைத் தாங்களே பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தைரியமாக எழுதியிருந்தாய். அதைப் பெரிதாக நம்பாதே. மூடுலின் இயல்பான அமைப்பில் ஆசிரியர் எடுக்கும் பேக்கப்பில் மாணவர் தரவு சேராது. அந்த உரிமை மேலாளருக்குத்தான். பாடமும் கேள்வியும் அதில் இருக்கும், மாணவர் எழுதிய விடையும் மதிப்பெண்ணும் இருக்காது. யூடியூபிலிருந்து பக்கத்தில் ஒட்டிய வீடியோவுக்கு இணைப்பு மட்டும்தான் நகலாகும்.

இது ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. பாடத்தையும் மாணவர் பதிவையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்காது. பாடம் எப்போதாவது மாறும், யாரிடம் கொடுத்தாலும் குற்றமில்லை, நாலு இடத்தில் இருந்தால் நல்லது. பதிவு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், யார் கையிலும் போகக்கூடாது. பாடத்துக்குப் போன வாரத்து நகல் தாராளம். தேர்வு நடக்கிற அன்று நேற்று ராத்திரி நகலே பழசு.

பாடத்தின் மூலத்தை மூடுலுக்கு வெளியே வைக்கச் சொல்: வேர்ட் கோப்பு, வீடியோவின் முதல் பிரதி, கேள்வி வங்கியை எக்ஸ்எம்எல் ஆக ஏற்றுமதி செய்தது. மூடுல் எடிட்டரிலேயே நேராகத் தட்டச்சு செய்யும் ஆசிரியர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அவர்களை மாற்ற முடியாது, அவர்கள் படிப்பை மட்டும் நீயே அடிக்கடி இறக்கி வைத்துக்கொள். தெரியாமல் ஒரு வினாடிவினாவை அழித்துவிட்டோம் என்று யாராவது ஓடி வந்தால் பதறாதே. மூடுலின் குப்பைத்தொட்டி வசதி இயக்கத்தில் இருந்தால் வழக்கமாக ஒரு வாரம் உள்ளே கிடக்கும்.

மதிப்பெண் விஷயம் தனி. பத்து வருஷம் கழித்து ஒரு மாணவர் வந்து சான்று கேட்பார். அன்றைக்கு உன்னிடம் எம்பிஇசட் கோப்பு இருந்து என்ன பயன்? அதைத் திறக்க ஒரு மூடுலை நிறுவ வேண்டும், அது இவ்வளவு பழைய கோப்பை ஏற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் இறுதி மதிப்பெண்களை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகவும் பிடிஎஃப் ஆகவும் எடுத்து அலுவலகப் பதிவேட்டோடு சேர்த்துவிடு. சிஎஸ்வியை எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சில சமயம் கிறுக்கலாகத் தெரியும். பயந்துபோய் அப்படியே சேமித்துவிடாதே, பிறகு உண்மையிலேயே கெட்டுப்போகும். தரவு இறக்குமதி வழியாக, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தேர்ந்தெடுத்துத் திற.

மாணவர் பதிவு இருக்கும் எந்த நகலையும் பூட்டாமல் வைக்காதே. பெயர், மெயில், மதிப்பெண், எந்த ராத்திரி எத்தனை மணிக்கு நுழைந்தார் என்பது வரை அதில் உண்டு. மேஜை இழுப்பறையில் பென்டிரைவாகக் கிடக்கக்கூடியது இல்லை. சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யச் சொல், சாவியை அந்த நகலோடு சேர்த்து வைக்காதே, இன்னொருவருக்கும் சாவி தெரிந்திருக்கட்டும். அப்புறம், யாராவது தன் கணக்கை நீக்கச் சொல்லி நீ நீக்கியிருந்தால், பழைய நகலை மீட்டதும் அவர் திரும்ப வந்து உட்கார்ந்திருப்பார். நீக்கியவர்களின் எண்களை மட்டும் ஒரு தனிக் குறிப்பில் வைத்துக்கொள்.

நகல் எங்கே இருக்க வேண்டும் என்று நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு மீட்க ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை, இதை மட்டும் தள்ளிப்போடாதே. விடுமுறையில் ஒரு காலி கணினியில் நகலை மீட்டுப் பார்க்கச் சொல். உன் வகுப்பில் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, அவர் விடைத்தாள் திறக்கிறதா, நீ எழுதிய குறிப்பு இருக்கிறதா, மதிப்பெண் ஒத்துப்போகிறதா என்று நீயே பார். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள். முதல்வர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். ஆனால் மீட்ட தளத்தை ஓடவிடும் முன் கான்ஃபிக் கோப்பில் மெயில் போகாதபடி நிறுத்தச் சொல். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் அதை மறந்துவிட்டார்கள். சோதனைத் தளம் விழித்துக்கொண்டு, முடிந்துபோன ஒப்படைப்புக்கெல்லாம் மாணவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியது. இரண்டு நாள் அலுவலகப் போன் ஓயவில்லையாம்.

சர்வர் பார்க்கும் பையன் இதையெல்லாம் கேட்டு முகம் சுளித்தால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். தானியங்கி பேக்கப் எங்கே சேமிக்கிறது என்ற விவரம் கிடைத்ததும் எழுது, மற்றதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மகள் புது ஊரில் வீடு பார்த்துவிட்டாளா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்