என் சொல்லுக்காகக் காத்திருந்தவர்களுக்கு

அக்டோபர் 22, பன்னாட்டுத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். 1998 முதல் கடைப்பிடிக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் இந்த நாளில் சிலருக்கு நன்றி சொல்ல நினைப்பேன். நேரில் சொல்லப் போனபோதெல்லாம் அழுகை முந்திக்கொண்டது. அதனால் இந்த மடல்.

பள்ளியில் எனக்குப் பரீட்சை பயமே கிடையாது. வருகைப் பதிவுதான் பயம். "உள்ளேன் ஐயா" என்ற இரண்டே சொல். 'உ' என்று உதடு குவியும், அப்படியே நின்றுவிடும். சத்தம் வராது. எனக்கு முன்னால் இருக்கும் ஐந்தாறு பெயர்களைக் கூப்பிடும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும். ஓர் ஆண்டு முழுக்க, சொல்லி முடிக்கும்வரை எழுந்து நிற்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் உத்தரவு போட்டிருந்தார். நாற்பது பேர் திரும்பிப் பார்க்க நின்ற அந்தக் காலைகளைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஏழாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஐயா, செய்யுளை வகுப்பே சேர்ந்து சொல்லும்போது என் குரல் மட்டும் தடங்கலில்லாமல் ஓடுவதைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தான். திக்கிப் பேசுகிறவர்கள் பிறரோடு சேர்ந்து வாசித்தாலும் பாடினாலும் பெரும்பாலும் திக்குவதில்லை என்பதை வளர்ந்த பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்குக் காதே போதுமானதாக இருந்தது. உரைநடை வாசிக்க என் முறை வந்தபோது பக்கத்தில் வந்து நின்று, என்னோடு கூடவே மெதுவாக வாசித்தீர்கள். மூன்றாவது வரியில் உங்கள் குரல் தேய்ந்தது. நான்காவதில் நின்றேவிட்டது. நான் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பத்தி முடியும்போதுதான் எனக்கே உறைத்தது. நீங்கள் பாராட்டவில்லை, வகுப்பைக் கைதட்டச் சொல்லவில்லை. "அடுத்த ஆள்" என்று நகர்ந்துவிட்டீர்கள். எல்லாரையும் போல என்னை நடத்திய அந்த "அடுத்த ஆள்" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு நன்றி, ஐயா.

பக்கத்து இருக்கைத் தோழனே, நான் திக்கும்போது நீ தரையையோ சன்னலையோ பார்த்ததில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரிந்திருக்காது.

அம்மா, மூன்று வயதில் என்னை ஒருநாள் கடுமையாக அதட்டியதாகவும், அன்றைக்குத்தான் என் பேச்சு தடுக்கியதாகவும் நீங்கள் எத்தனை ஆண்டு நம்பினீர்கள்! அப்படி நம்பியது நீங்கள் மட்டுமல்ல. பெற்றோர் பிள்ளையின் பேச்சைக் குறையாகப் பார்ப்பதால்தான் திக்கல் உண்டாகிறது என்று அமெரிக்காவில் வெண்டல் ஜான்சன் என்ற அறிஞரே சொன்னார். பல காலம் அது செல்லுபடியானது, தாய்மார்கள் தலையில் பழி விழுந்தது. இன்றைய ஆராய்ச்சி அதை ஏற்கவில்லை. பொதுவாக இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில்தான் திக்கல் தொடங்கும். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். குடும்ப வழியாகவும் வரும். அதோடு தொடர்புள்ள சில மரபணுக்களை 2010-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதட்டாத தாய் யார், அம்மா? உங்கள் அதட்டலுக்கும் என் நாக்குக்கும் சம்பந்தமில்லை. எனக்காக நீங்கள் இரவில் அழுதது போதும்.

பேச்சுப் பயிற்சி தந்த அம்மையாருக்கும் நான் கடன்பட்டவன். மூச்சை மெல்ல விட்டபடியே முதல் எழுத்தைத் தொடச் சொல்லிக்கொடுத்தார். அதைவிடப் பெரிய காரியம், அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "அவன் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்று சொன்னது.

அப்பா, அதுவரை என் வாக்கியங்களை எல்லாம் நீங்களே முடித்துவைப்பீர்கள். "பேனாவா? நோட்டா? வயிறு வலிக்குதா?" என்று பதறிப் பதறி ஊகிப்பீர்கள். பிள்ளை தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தது. ஆனால் சொல்ல வந்தது ஒன்றாகவும் நீங்கள் முடித்தது வேறாகவும் இருக்கும்போது, சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

அன்று மாலை நான் பேச வந்தபோது நீங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். உங்கள் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் சுட்டுவிரலின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, நடுவிரலுக்கு நகர்ந்து, சுண்டுவிரல் வரை போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எனக்காக எண்ணிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாவது சுற்று முடிவதற்குள் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அந்தக் கட்டைவிரல் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

எனக்குத் திக்கல் முழுதாகப் போகவில்லை. இன்றும் தொலைபேசியில் முதல் சொல் சிக்கும். மற்றவர்கள் "ஹலோ, கேக்குதா?" என்பார்கள், சிலர் வைத்தும்விடுவார்கள். நீங்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை, அப்பா. அந்தப் பக்கம் உங்கள் மூச்சு மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். கட்டைவிரல் எந்தக் கணுவில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே என் சொல்லைத் தொடங்குவேன்.