கட்டடத்துக்கு ஒரு மீட்டர்: சட்ட மாணவர் சுற்றுச்சூழல் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நமது பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் சுற்றுச்சூழல் குழு இந்த வேண்டுகோளை எழுதுகிறது. இங்கே படித்துப் போனவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், அலுவலகத்திலும் விடுதியிலும் வேலை பார்க்கிறவர்கள், பெற்றோர், வழக்கறிஞர்கள் எல்லோரிடமும் கேட்கிறோம். வளாகத்தின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனித் தண்ணீர் மீட்டரும் மின்சாரத் துணை மீட்டரும் பொருத்த வேண்டும். விடுதிக்குப் பின்னால் ஓர் உரக்கூடம் கட்ட வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும்தான் பணம் தேவைப்படுகிறது.

மீட்டருக்கா நன்கொடை என்று சிலர் கேட்டார்கள். மரக்கன்று நடலாமே, விழிப்புணர்வுப் பேரணி போகலாமே என்றும் சொன்னார்கள். அக்கறையோடு கேட்டவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

இப்போது வளாகம் முழுவதற்கும் நுழைவுக் குழாயில் ஒரே ஒரு மீட்டர்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை மொத்தமாக ஓர் எண் வருகிறது, தொகை கட்டப்படுகிறது, அத்தோடு சரி. அந்தத் தண்ணீரில் நூலகத்துக்குப் போனது எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, யாருக்கும் பயன்படாமல் மண்ணுக்குள் போனது எவ்வளவு என்று சொல்ல ஆள் இல்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயிலிருந்து ஒரு நாளில் 86,400 சொட்டு விழும். அதைச் சேர்த்தால் சுமார் 20 லிட்டர். இது கண்ணுக்குத் தெரியும் ஒழுகல். தரைக்கடியில் உடைந்த குழாய் இதைவிடப் பல மடங்கு விழுங்கும், சத்தமும் கேட்காது.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லோரும் தூங்கும் பின்னிரவில், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை, மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பூட்டியிருக்கும் வகுப்பறைக் கட்டடத்தில் அந்த நேரத்திலும் தண்ணீர் ஓடுகிறது என்றால், தொட்டி எதுவும் நிரம்பிக்கொண்டிருக்காத பட்சத்தில், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மின்சாரத்துக்கும் இதே முறை பொருந்தும். ஆளில்லாத கட்டடம் இரவில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால், அணைக்காமல் விட்ட ஏசியும் கணினியும் எங்கே இருக்கின்றன என்று தேட ஆரம்பிக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் கட்டடத்துக்கு ஒரு மீட்டர் இருந்தாக வேண்டும்.

சட்டம் படிக்கிறவர்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்றால், ஆதாரம் இல்லாமல் எதுவும் நகராது என்று எங்களுக்குத் தினமும் சொல்லித் தருகிறார்கள். நிர்வாகத்திடம் போய் ‘தண்ணீர் வீணாகிறது’ என்று சொன்னால், எங்கே, எவ்வளவு என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். பழுது பார்க்கும் செலவுக்கு ஒப்புதல் தருகிறவருக்குக் கையில் ஒரு கணக்கு வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மாணவர்கள் சில ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவோம். ஆர்வமான ஒரு அணி இருக்கும்வரை பிளாஸ்டிக் குறையும், விளக்குகள் அணையும். அவர்கள் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கொள்முதல் விதியில் எழுதிச் சேர்த்த ஒரு வரி அப்படிப் போய்விடாது. குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது விலையோடு அதன் ஆயுள் முழுவதும் ஆகும் மின்செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி. கேண்டீன் ஒப்பந்தத்தில் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பொருள் கொண்டுவரும் நிறுவனமே அட்டையையும் தெர்மோகோலையும் திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்று இன்னொன்று. இவற்றை எழுத எங்களுக்குத் தெரியும். பேராசிரியர்கள் திருத்தித் தருகிறார்கள். இந்த உழைப்புக்கு யாரிடமும் பணம் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட விதிகளில் முதல் வரைவை, காகிதத்தைக் குறைப்பதற்காக, எங்கள் சட்டத் துறைக்கே எழுதியிருக்கிறோம். மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்றில் 24 அணிகள், அணிக்கு இரு தரப்பு வாத உரைகள், தரப்புக்கு ஐந்து பிரதிகள், பிரதிக்கு 40 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தால் 9,600 தாள். சாதாரண ஏ4 தாள் ஒன்று 5 கிராம், ஆக 48 கிலோ காகிதம். இருபுறமும் அச்சடித்தாலே பாதி மிச்சம். நடுவர்களுக்கு மின்பிரதி அனுப்பினால் அதுவும் தேவையில்லை.

மாணவர்கள் எழுதும் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் 2019இல் சட்டம் படித்த 27 மாணவர்கள், பருவநிலை மாற்றத்தில் நாடுகளுக்கு என்ன கடமை இருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று கிளம்பினார்கள். பசிபிக் தீவு அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச் சபை அந்தக் கருத்தைக் கேட்டு வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று தி ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரை வழங்கினார்கள். பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. வகுப்பறையில் தொடங்கிய வேலை அது. படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எங்கள் திட்டம் ஒரு வளாகத்துக்கு மட்டுமானது. ஆனாலும் அடிப்படையை, 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் நாடுகள் ஏற்ற ரியோ பிரகடனத்தின் பத்தாவது கொள்கையிலிருந்து எடுத்துக்கொண்டோம். சுற்றுச்சூழல் விஷயத்தில் மக்களுக்குத் தகவல் கிடைக்க வேண்டும், முடிவெடுப்பதில் பங்கு வேண்டும், குறை தீர்க்க வழி வேண்டும் என்கிறது அது. இங்கே அப்படியென்றால், மீட்டர் கணக்கு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கொள்முதல் கூட்டத்தில் மாணவர் ஒருவருக்கும் துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கும் இடம் கேட்டிருக்கிறோம். ஒழுகும் குழாயைப் பற்றி யார் எழுதிக் கொடுத்தாலும் எழுத்தில் பதில் வர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். குப்பை எங்கே சேர்கிறது, எது உடைந்திருக்கிறது என்று துப்புரவுப் பணியாளர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இதுவரை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

அப்புறம் உரக்கூடம். விடுதிச் சமையலறைக் கழிவு குப்பைமேட்டுக்குப் போய்க் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. இன்னொரு பக்கம், கூட்டிய சருகைக் கொளுத்துகிறோம். ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம், சருகில் கார்பன் அதிகம். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காற்றுப் படும்படி புரட்டிவிட்டால் குவியல் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அந்தச் சூட்டில் அழியும். நாற்றமும் பெரிதாக இருக்காது. கூரை, தளம், காற்றுத் துளையுள்ள தொட்டிகள், ஒரு வெப்பமானி, புரட்டும் கருவிகள், வேலை செய்கிறவர்களுக்குக் கையுறையும் காலணியும் வேண்டும்.

வரும் தொகையில் பெரும்பகுதி மீட்டருக்கும் குழாய் வேலைக்கும் போகும், அடுத்தது உரக்கூடம். ஒரு சிறு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவைப்போம், ஏனென்றால் பழுதான மீட்டர் தவறான கணக்குக் காட்டும். மரக்கன்றுகளை இப்போதைக்கு ஏற்கவில்லை. ஏற்கனவே நிற்கும் மரங்களின் வேரைச் சுற்றிப் போட்ட சிமென்டை உடைத்து எடுப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

வளாகத்துக்குப் பொருளோ சேவையோ விற்கும் நிறுவனங்களிடமிருந்து நன்கொடை வாங்கமாட்டோம். நாளைக்கு அவர்களுடைய ஒப்பந்தத்துக்கே நாங்கள் நிபந்தனை எழுத வேண்டியிருக்கும். பெயர்ப்பலகை வேண்டும், இன்ன கட்டடத்தை விட்டுவிட வேண்டும் என்பது போன்ற நிபந்தனையோடு வரும் பணமும் வேண்டாம். வரவும் செலவும் ரசீதுகளோடு பருவத்துக்கு ஒரு முறை வெளியிடப்படும். குழுவில் இல்லாத ஓர் ஆசிரியர் தணிக்கை செய்வார். திட்டத்துக்கு நிர்வாகம் அனுமதி தராமல் போனால், கொடுத்தவர்களைக் கேட்டு அவரவர் தொகையைத் திருப்பித் தருவோம்.

மாணவர்கள் தங்களால் முடிந்த சிறு தொகையைக் கொடுத்தால் போதும். கொடுக்காவிட்டாலும் பின்னிரவு மீட்டர் கணக்கெடுக்க வாருங்கள், ஆள் தேவை. குழாய் வேலையும் மின்வேலையும் தெரிந்த முன்னாள் மாணவர்கள் ஒரு நாள் நேரம் தந்தால் அதுவும் பெரிய உதவி. ஒப்பந்தம் எழுதிப் பழகிய வழக்கறிஞர்கள் எங்கள் வரைவுகளை ஒரு முறை படித்துத் திருத்தித் தர வேண்டும்.

நன்கொடையைப் பல்கலைக்கழக நிதி அலுவலகத்தில், ‘சட்ட மாணவர் சுற்றுச்சூழல் குழு’ என்று குறிப்பிட்டுச் செலுத்தி, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டருக்கா, உரக்கூடத்துக்கா என்று எழுதினால் அந்தச் செலவுக்கே பயன்படுத்துவோம். எழுதாவிட்டால் எது முந்துகிறதோ அதற்குப் போகும். முதல் மீட்டரைப் பெண்கள் விடுதியில் பொருத்தத் திட்டமிட்டிருக்கிறோம், அங்கேதான் தண்ணீர் வரவில்லை என்ற புகார் அதிகம்.

இப்படிக்கு,
சட்ட மாணவர் சுற்றுச்சூழல் குழுவினர்