வீட்டுப் பாதுகாப்புக்குப் பழைய போலீஸ் ரிவால்வர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் துப்பாக்கிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வருவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில் நடக்கும் துப்பாக்கிச்சூடு, இல்லையென்றால் தேர்தல் நேர அரசியல். அதெல்லாம் எழுத வேண்டியதுதான். ஆனால் இங்கே டெக்சஸில் குடும்பத்தோடு இருக்கும் எங்களுக்குள் வேறொரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்குத் தமிழில் யாரும் பதில் எழுதி நான் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டவர், கையில் அதிகம் பணம் இல்லாதவர், எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது?

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று திருடர்களுக்கு நன்றாகத் தெரியும், இந்தியக் குடும்பங்களின் வீடுகளைக் குறிவைத்து நகைத் திருட்டு நடந்ததாகப் பல மாநிலங்களில் போலீஸே எச்சரித்திருக்கிறது. அதற்கு முதல் வைத்தியம் பேங்க் லாக்கர், இரண்டாவது நல்ல கதவும் பூட்டும் வெளிச்சமும். துப்பாக்கி அதற்கெல்லாம் பிறகுதான்.

சரி, அதற்கும் பிறகு வேண்டும் என்றால் என் பதில் இது: உரிமம் பெற்ற கடையில் நன்றாகச் சோதித்துப் பார்த்து வாங்கிய பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர். ரிவால்வர் என்றால் சுழலும் உருளையின் அறைகளில் குண்டு வைக்கும் கைத்துப்பாக்கி, .38 ஸ்பெஷல் என்பது அதில் போடும் தோட்டாவின் வகை. மிச்சமாகும் காசைப் பூட்டுப் பெட்டிக்கும் பயிற்சிக்கும் வையுங்கள்.

ஏன் பழையது என்றால், அமெரிக்கப் போலீஸ்காரர்கள் 1980கள் வரை பெரும்பாலும் இடுப்பில் வைத்திருந்தது ரிவால்வர்தான். 1986ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள், அதற்குப் பிறகு துறை துறையாக அதிகக் குண்டு பிடிக்கும் பிஸ்டலுக்கு மாறினார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட ரிவால்வர்கள் கடைகளுக்கு மொத்தமாக வந்தன. அவற்றில் முக்கியமானது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. 1899ல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் வந்து, 1957ல் இந்த எண்ணைப் பெற்றது, இதுவரை 60 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றும் கிடைக்கிறது, உதிரிபாகமும் கிடைக்கிறது. இதே துப்பாக்கியின் துருப்பிடிக்காத எஃகு வடிவம் மாடல் 64. ஹூஸ்டன் மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் இருப்பவர்கள் முடிந்தால் அதையே தேடுங்கள்.

போலீஸிடமிருந்து வந்த துப்பாக்கியில் ஒரு சௌகரியம் உண்டு. வருடக்கணக்கில் தோல் உறையில் உரசி வெளிப்பூச்சு போயிருக்கும், பிடியில் கீறல் இருக்கும், ஆனால் பயிற்சி நாட்களைத் தவிர அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். பார்க்க அழகில்லாததால் விலை குறையும். ஒரு காலத்தில் 200 டாலருக்குக் கிடைத்தவை இப்போது 350 முதல் 500 வரை சொல்கிறார்கள். இன்னும் குறைவாக வேண்டும் என்றால் பிரேசிலின் டாரஸ் 85, ராஸி போன்றவை உண்டு. மோசமில்லை, ஆனால் ஒன்றுக்கொன்று தரம் மாறும், அதனால் சோதனை இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1972லிருந்து 1988 வரை ரூகர் நிறுவனம் செய்த செக்யூரிட்டி-சிக்ஸ் ரிவால்வர் கண்ணில் பட்டு விலையும் ஒத்துவந்தால் யோசிக்காமல் எடுக்கலாம், அவ்வளவு உறுதியானது. அது .357 மேக்னம் என்ற இன்னும் வலுவான தோட்டாவுக்கானது, அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். தலைகீழாக .38 துப்பாக்கியில் .357ஐப் போடவே கூடாது. கோல்ட் (Colt) நிறுவனத்தின் பழைய ரிவால்வர்கள் அருமையானவைதான், ஆனால் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இன்று எளிதில் கிடைப்பதில்லை, பட்ஜெட்டில் வாங்குபவருக்கு அது சரிப்படாது.

மலிவு என்பதற்காக 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' என்று இங்கே சொல்லப்படும் துத்தநாகக் கலவைத் துப்பாக்கிகள் பக்கம் போகாதீர்கள். 1981ல் அதிபர் ரீகனைச் சுட்ட ரோம் ஆர்ஜி-14 அந்த வகைதான். கடைக் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் 100 டாலருக்கு ஏதாவது கிடக்கும், கிடக்கட்டும்.

எங்கே வாங்குவது என்பதில் நான் பிடிவாதக்காரன். துப்பாக்கிக் கடை, அல்லது அடகுக்கடை. இங்கே துப்பாக்கி விற்கும் அடகுக்கடைக்காரரும் மத்திய அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும், 4473 என்ற படிவத்தை உங்களிடம் நிரப்பி வாங்க வேண்டும், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையைச் செய்ய வேண்டும். இணைய ஏலத்தில் வாங்கினாலும் துப்பாக்கி உங்கள் ஊர்க் கடைக்குத்தான் வரும், அங்கே அதே படிவம், அதே சோதனை, கூடவே கடைக்காரருக்குக் கைமாற்றுக் கட்டணம். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஏலம் கேட்காதீர்கள். டெக்சஸில் தெரிந்தவரிடமிருந்து சோதனையே இல்லாமல் வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை, 50 டாலர் மிச்சமாகும் என்று அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி எங்கே திருடப்பட்டது, எதில் பயன்பட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டில் பிழைக்க வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருக்க வேண்டும். வரிசை எண் தேய்க்கப்பட்ட துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம்.

கடையில் என்ன பார்ப்பது? கடைக்காரர் கொடுத்ததும், அவர் காலி என்று சொன்னாலும், நீங்களே உருளையைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலியா என்று பாருங்கள். பிறகு அவரிடம் அனுமதி கேட்டு, பாதுகாப்பான பக்கமாகக் காட்டி, சுத்தியலை, அதாவது விசையை அழுத்தினால் முன்னால் விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் பின்பக்கப் பாகத்தை, மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுதாக நிற்பதற்குள் உருளை சுற்றி முடித்து 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஒன்று பின்தங்குவது சகஜம். உருளையின் அறை குழலோடு சரியாக நேர்கோட்டுக்கு வராமல் குண்டு வெடித்தால் ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. அடுத்து, சுத்தியல் நின்ற நிலையில் விசையைத் தொடாமல் கட்டைவிரலால் பின்னாலிருந்து அழுத்துங்கள், அது நழுவி விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். உருளையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், சொட்டு அசைவு பரவாயில்லை, கடகடவென்று ஆடக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் தகடு சில கடைகளில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 10 பங்குக்குள் இருந்தால் நல்லது. குழலின் பின்வாய் அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 போன்ற .357 துப்பாக்கிகளில் இது வரும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் உள்ளே கைவைத்திருக்கிறார். பிடிக்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், வியர்வை இறங்கித் துருப்பிடித்திருப்பது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, பலர் ஏமாறுவது. .38 ஸ்பெஷல் தோட்டா வேறு, .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா வேறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு அனுப்பிய ரிவால்வர்கள் இரண்டாவது வகைக்குச் செய்யப்பட்டவை, அவற்றில் சிலவற்றின் அறைகளைப் பின்னாளில் குடைந்து ஸ்பெஷல் தோட்டா நுழையும்படி மாற்றிவிட்டார்கள். சுட்டால் தோட்டாவின் கூடு வீங்கும், பிளக்கவும் கூடும். குழலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். 'ப்ளஸ் பி' என்று குறிக்கப்பட்ட அதிக அழுத்தத் தோட்டாவை எல்லாப் பழைய துப்பாக்கியும் தாங்காது, தயாரித்த நிறுவனத்தின் கையேட்டைப் பார்க்காமல் போடாதீர்கள்.

கையடக்கமாக இருக்கிறதே என்று இரண்டு அங்குலக் குழல் உள்ளதை வாங்கத் தோன்றும். வீட்டுக்கு நான்கு அங்குலமே நல்லது. சின்னது கையில் உதைக்கும், குறி தவறும், புதிதாகக் கற்பவர் இரண்டு முறை சுட்டுவிட்டுப் பயந்து பெட்டியில் வைத்துவிடுவார். ரிவால்வரின் குறையையும் சொல்ல வேண்டும்: ஐந்து அல்லது ஆறு குண்டுதான், விசை கனமாக இருக்கும், பயிற்சி இல்லாமல் நேராகச் சுட முடியாது. ஆனால் பிஸ்டல் மாதிரி மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துக் குண்டேற்றும் வேலை இல்லை, குண்டு நிரப்பிச் செருகும் மேகசின் இல்லை, உருளையைத் திறந்தால் குண்டு இருப்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே வீடுகள் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான், செங்கல் சுவர் இல்லை. தவறிய குண்டு இரண்டு மூன்று சுவரைத் தாண்டி அடுத்த அறையில் தூங்கும் குழந்தை வரை போகும். இதை நினைத்துப் பார்த்தால் யாரும் பயிற்சிக் காசைக் குறைக்க மாட்டார்கள்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாதது இது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, இது மத்தியச் சட்டம், எந்த மாநிலத்திலும் பொருந்தும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், கடையில் கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவத்தில் பொய் எழுதினால் மத்தியக் குற்றம், நண்பனுக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் அப்படித்தான், 2022ல் வந்த சட்டம் இதற்குத் தண்டனையைக் கூட்டியிருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தவே அது போதும். இருபது வருட உழைப்பு 300 டாலர் பொருளால் போய்விடும். டெக்சஸில் வாங்குவதற்குத் தனி அனுமதி வேண்டாம், ஆனால் நியூ ஜெர்சியில் அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லினாய்ஸில் அடையாள அட்டை வேண்டும், கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். வீடு மாறும்போது இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டில் அப்பா அம்மா ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து தங்குவார்கள், மனைவியோ கணவரோ எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கலாம். அவர்களும் அதே தடைக்குள் வருவார்கள். ஆகவே பூட்டுப் பெட்டியின் எண்ணோ சாவியோ அவர்களிடம் இருக்கக் கூடாது. டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது தண்டனைக்குரியது. பெற்றோர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கும் காலத்தில், வளர்ந்த பையனோ பெண்ணோ பேசாமல் ஒடுங்கிக் கிடக்கும் காலத்தில், அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கவே கூடாது, காசு போனாலும் விற்றுவிடுங்கள்.

கடைசியாக ஊருக்குப் போகும்போது. பயிற்சிக்கு எடுத்துப்போன பையையே விமானத்துக்கும் எடுத்துப்போய், ஓரத்துப் பாக்கெட்டில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் பயணிகள் பிடிபடுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவுக்கும் உண்டு, மறந்துவிட்டேன் என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும், பாஸ்போர்ட்டோடு லீவும் போகும். துப்பாக்கிப் பை தனி, பயணப் பை தனி என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கான இந்தத் தடையைப் பற்றிக் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை விரிவாக எழுதச் சொல்லி வெளியிடுங்கள் ஐயா. பிள்ளைகளை இங்கே அனுப்பியிருக்கும் வீடுகள் உங்கள் வாசகர்களில் நிறைய உண்டு, பெற்றோர் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சஸ்