2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வருகை தந்துள்ள 11 உறுப்பினர்களே, வணக்கம்.

குழந்தைகள் கார்ட்டூன்களில் பெண் குழந்தைகளும் நாயகிகளாக வர வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய நம் மன்றத்தின் செயற்குழு நான்கு முறை கூடியது. கோடை முகாம் நடந்தது. குழந்தைகள் தினத்தன்று கிளை நூலகத்துக்குப் புத்தகங்கள் அளித்தோம்.

இனி, மன்றம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த விஷயம். ‘சோட்டா பீம்’ கார்ட்டூன் தொடரின் நாயகன் பீமுக்கும் இளவரசி இந்துமதிக்கும் கல்யாணம் ஆகிவிட்டதென்று 2020இல் பேச்சு கிளம்பி, பீமின் தோழி சுட்கிக்கு நீதி வேண்டுமென்று நாடே கேலி செய்தது. எல்லோரும் இன்னும் குழந்தைகள்தான் என்று தொடரைத் தயாரிக்கும் கிரீன் கோல்டு நிறுவனமே விளக்கம் தர வேண்டியதாயிற்று. நாம் கேட்பது கல்யாண விஷயமல்ல. 2008இலிருந்து பீமுக்கு லட்டு எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெண், லட்டைத் தானே தின்று பலசாலியாவது எப்போது?

பெண் கதாநாயகி என்றால் பையன்கள் பார்க்க மாட்டார்கள் என்று நம் உறுப்பினர் ஒருவரே வாதிட்டார். சுட்டி டிவியில் சிறுமி டோராவின் கார்ட்டூன் ஓடிய காலத்தில் “குள்ளநரி திருடக் கூடாது” என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு.

ஆகஸ்டில், தெற்காசியக் குழந்தைகளுக்காக யுனிசெஃப் உருவாக்கிய ‘மீனா’ என்ற சிறுமியின் கார்ட்டூனைத் திரையிட்டோம். மாம்பழத்தில் பெரிய பங்கு தம்பி ராஜுவுக்குப் போகும் கட்டத்தில், முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பித் தன் பாட்டியையே பார்த்தாள். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என் கணக்கில் அந்த மாலை வீண் போகவில்லை.

ஆண்டு விழா நாடகம் பற்றிச் சொல்லியாக வேண்டும். செயலாளர் தன் மகளுக்கே முக்கிய வேடம் கொடுத்துவிட்டதாகப் பேச்சு இருக்கிறது. கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டும் பெண் வேடம் அது. ஒத்திகைக்கு ஆறு பெண் குழந்தைகளை அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்தது இருவர், அதில் ஒருத்தி என் மகள். இன்னொருத்திக்கு ஸ்பேனரைப் பார்த்தால் சிரிப்பு அடங்கவில்லை. நான் என்ன செய்ய? ஆடைப் பொறுப்பை ஏற்றவர் மெக்கானிக் வேடத்துக்குப் பட்டுப் பாவாடையும் நெற்றிச்சுட்டியும் கொண்டுவந்தார். அதை மேடையில் அனுமதிக்காததற்கு நான் இன்றும் வருத்தப்படவில்லை.

தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றுக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். முத்திரை குத்திய ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. அட்டையைக் கோப்பில் ஒட்டியிருக்கிறேன், பார்க்கலாம். மூன்று பக்கக் கடிதம் அவசியமா என்று ஜெராக்ஸ் செலவைக் காட்டிக் கேட்டவர் அதில் கையெழுத்தே போடவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சமமாகவே உள்ளது. சிறு தொகை கையிருப்பில் இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். ஆண்டுச் சந்தா 200 ரூபாய். பட்டியலில் உள்ள 46 பேரில் கட்டியவர்கள் 17 பேர். நிலுவைப் பெயர்களை வாசிக்க வேண்டாமென்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பத் தவறாதவர்கள் சந்தாவையும் அதே எண்ணுக்கு அனுப்பலாம்.

திரையிடக் கருவி தந்தவருக்கும் சுண்டல் செய்து தந்த குடும்பத்தாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இப்பொறுப்பில் நீடிப்பதாக இல்லை. விரும்புவோர் இன்றே பெயர் தரலாம். ஒருவரும் முன்வராவிட்டால், ஒத்திகைக்குக் குறைந்தது ஆறு குழந்தைகளாவது வருவார்கள் என்ற உறுதியின் பேரில் யோசிக்கிறேன். மோட்டார் இன்னும் என் வீட்டு வராந்தாவில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்