ஏறாத வரிசைகளைத் திருப்பிக் கொடுங்கள்

இணையக் கடை மென்பொருள் உருவாக்குவோருக்கு வணக்கம்.

ஆயிரம் பொருள்கள் கொண்ட எக்செல் பட்டியலை ஏற்றுகிறோம். "963 ஏறின, 37 ஏறவில்லை" என்கிறது திரை. எந்த 37, ஏன் என்று தெரியாதபோது கடைக்காரர் முழுக் கோப்பையும் மறுபடி ஏற்றுவார். எஸ்கேயூவை (ஒவ்வொரு பொருளுக்கும் கடை தரும் தனிக் குறியீடு) வைத்துப் பழைய பொருளை அடையாளம் காணாத மென்பொருளாக இருந்தால், அந்த 963 பொருள்களும் கடையில் இரண்டிரண்டாக நிற்கும்.

எங்கள் கோரிக்கை இதுதான்: ஏறாத வரிசைகளை மட்டும் தனிக் கோப்பாகத் தாருங்கள். தலைப்புகள் மூலக் கோப்பில் உள்ளபடியே இருக்கட்டும். கடைசியில் வரிசை எண், காரணம் என இரண்டு நெடுவரிசைகளைச் சேருங்கள். திருத்திய கோப்பை அப்படியே ஏற்றும்போது மென்பொருள் அவ்விரண்டையும் தானே ஒதுக்கிவிட வேண்டும். வரிசை எண் எக்செல் காட்டும் எண்ணாக இருக்கட்டும். பொருள் விவரத்தில் யாராவது ஒரே கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தால், சிஎஸ்வி கோப்பின் (காற்புள்ளியால் மதிப்புகளைப் பிரிக்கும் வெற்று உரைக் கோப்பு) வரிகளை எண்ணிச் சொல்லும் கணக்கு தவறிவிடும்.

"தவறான மதிப்பு" என்பது காரணமே அல்ல. "விலை: '1,250/-' என்று உள்ளது, 1250 என இலக்கங்களாக மட்டும் தரவும்" என்றால் யாரும் திருத்துவார்கள்.

இதைவிட மோசம், ஏறக்கூடாதவை ஏறிவிடுவது. 13 இலக்கப் பார்கோடை எக்செல் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே பதிவாகி இலக்கங்கள் தொலைந்துபோகும். பார்கோடின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மஞ்சளின் எச்எஸ்என் (வரிக்கான பொருள் வகைக் குறியீடு) 0910 வெறும் 910 ஆகிவிடும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இலக்கங்கள் வந்தாலே முன்பூஜ்யம் போயிருக்கிறது என்று பொருள். குழந்தைச் சட்டையின் '10-12' அளவு தேதியாகிவிடும். யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) அல்லாத சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும், அந்த எழுத்துகளை மீட்க வழியே இல்லை. இவற்றை நீங்களாக ஊகித்துத் திருத்த வேண்டாம், நிறுத்திக் காரணம் சொல்லுங்கள்.

ஒரு சேலைக்கு ஆறு நிறங்கள் இருந்து, தாய் வரிசை (எல்லா நிறங்களுக்கும் பொதுவான சேலையின் வரிசை) ஏறாமல் போனால் ஆறு நிற வரிசைகளையும் நிறுத்தி ஏழையும் சேர்த்தே திருப்புங்கள். தாய் இல்லாமல் ஏறிய நிறங்களைத் தேடி அழிப்பது பெரும்பாடு.

ஏறாத வரிசைகளின் கோப்பை 30 நாளாவது வைத்திருங்கள். பல கடைகளில் ஏற்றுபவர் ஒருவர், சரியான விலையும் பார்கோடும் அறிந்தவர் இன்னொருவர்.

இப்படிக்கு,
கடைகளுக்குப் பொருள் பட்டியல் ஏற்றித் தரும் பணியாளர்கள்