கதம்பத்துக்கு ஒரு வீடு

திருச்சி
வியாழன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ எப்போது எடுத்தாலும் பாதியில் இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது, "அப்புறம் கூப்பிடுகிறேன் அப்பா" என்கிறாய். கடிதம் என்றால் ஒழிந்த நேரத்தில் படிக்கலாம். முறுக்குப் பார்சலை ஆபீஸ் முகவரிக்கே அனுப்பச் சொன்னாய் அல்லவா, இதையும் அங்கேயே அனுப்புகிறேன்.

உன் பூனை கதம்பத்தை வேறு வீட்டில் கொடுக்கவேண்டியிருக்கிறது. கோபப்படாமல் முழுவதும் படி.

உன் அம்மாவுக்கு இரண்டு மாதமாக இளைப்பு. ராத்திரியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைக்கிறாள். ஆடிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் என்னிடம் சொல்லிவந்தாள். போன வாரம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, வீட்டில் பூனை இருக்கிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். முடி மட்டும் காரணமில்லையாம். பூனையின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் ஒரு புரதம் காற்றில் கலந்து மூச்சை இறுக்குகிறதாம். அதுதான் நாள் முழுக்கத் தன்னை நக்கித் துடைத்துக்கொண்டே இருக்கிறதே, உடம்பெல்லாம் அந்த எச்சில்தான். இன்ஹேலர் எழுதிக்கொடுத்துவிட்டு, படுக்கும் அறைக்குள் பூனையை விடாதீர்கள் என்றார். நம் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. வெளியே வந்ததும் அம்மா, "பிள்ளை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், நான் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறேன்" என்றாள். இரண்டு நாள் கட்டிக்கொண்டும் இருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடவேண்டியதாயிற்று. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் மீறிவிட்டேன். இப்போது பரவாயில்லை. பயப்படாதே.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அதை எழுது.

நான்கு இடம் விசாரித்தேன். காந்தி மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவர், எலித் தொல்லைக்கு ஆகும், இன்றே கொடுங்கள் என்றார். ராத்திரியில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் மூட்டைகளுக்கு நடுவே அது தனியாகக் கிடக்கும். வேண்டாம் என்றேன். இன்னொரு வீட்டில் பையனின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்டார்கள். அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்துகூட என்னைப் பார்க்கவில்லை. ஆசை தீர்ந்ததும் தெருவில் விட்டுவிடுவார்கள். உன் சித்தப்பா தோட்டத்தில் விடச் சொன்னார். அங்கே நாய்கள் மூன்று.

நான்காவது இடம் திருவானைக்காவலில். ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருக்கிறார். நான் போய் உட்கார்ந்ததும் அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார், பாப்பா. தடுப்பூசி அட்டை இருக்கிறதா? வெறிநாய்க்கடிக்கான ஊசி ஒரு வருடம் ஆகிவிட்டதா? எந்த மண்ணில் வெளிக்குப் போகிறது? பால் கொடுக்கிறீர்களா? நான் கொடுக்கிறேன் என்றதும், வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, தண்ணீர் போதும் என்றார். போனிலிருந்த படத்தைக் காட்டினேன். காது நுனி வெட்டியிருப்பதைப் பார்த்தே கருத்தடை ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார். மூன்று நிறம் சேர்ந்த பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்குமாம். கடைசியாக, "பயந்தால் இது எங்கே போய் ஒளிந்துகொள்ளும்?" என்று கேட்டார். பரணில், பெட்டிக்குப் பின்னால் என்றேன். அவர் எழுந்துபோய்த் தன் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து காட்டினார்.

ஒரு பெண்ணைக் கொடுப்பதற்குமுன் நாமும் வீடு பார்க்கப் போகிறோம். உனக்காக நான் போனபோது என்ன பார்த்தேன் என்று திரும்பிவரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். மாடி கட்டியிருக்கிறார்களா, கிணறா போர்வெல்லா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா. அந்த அம்மா கேட்டதுபோல் ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நல்ல இடம் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ எதுவும் சொல்லாமல் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி முழுகியபோது, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மதில்மேல் கத்திக்கொண்டிருந்த குட்டியைச் சோற்று அண்டாவில் வைத்துத் தூக்கிவந்தவர் அவர். கரண்ட் வந்ததும் முதல் போனில் நீ அதைத்தான் சொன்னாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் எல்லாம் கலந்து அப்பாயி தொடுக்கும் கதம்பம் மாதிரி இருக்கிறது என்று பெயரும் வைத்தாய். என் மகள் வெள்ளத்திலும் ஓர் உயிரை விடவில்லை என்று தெருவெல்லாம் சொன்னேன். அந்தப் பூனையை மாசியில் நீ மட்டும் வாடகைக் காரில், இரண்டு பெரிய பெட்டிகளோடு கொண்டுவந்தாய். வீட்டுக்காரர் பூனை கூடாது என்கிறார் என்றாய். ஒரு வருடத்துக்குமேல் அதே வீட்டில்தான் அது வளர்ந்தது. நான் கேட்கவில்லை. போகும்போது ஒரு பெட்டியைப் பரணில் ஏற்றிவைத்துவிட்டுப் போனாய். அதையும் கேட்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு வருவாய் என்று அம்மா எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம் எல்லாம் கட்டிவைத்துவிட்டு மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு போன் செய்திருக்கலாம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பூட்டியபின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்.

இன்னொன்று எழுதவேண்டும். திருவானைக்காவலுக்குப் போனால் கொள்ளிடம் பக்கம்தானே, அங்கே போய்வந்ததிலிருந்து நெஞ்சில் இருக்கிறது. 1998இல், பொன்மலை குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது, உன் பூனை மணி ஓடிப்போய்விட்டது என்று சொன்னேன். ஓடிப்போகவில்லை. சாமிக்கு வைத்திருந்த பாலில் வாய்வைத்துவிட்டது என்று அப்பாயி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். விடியுமுன் நான் அதைச் சாக்கில் போட்டு, வழி தெரியக்கூடாது என்று வாயை இறுக்கிக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போனேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை சத்தமில்லை. கொள்ளிடப் பாலத்தில் ஏறியதும் கத்த ஆரம்பித்தது. அந்த இரும்புப் பாலம் முழுவதும் கத்தியது. நம்பர் 1 டோல்கேட் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவிழ்த்துவிட்டேன். ஓடிவிடும் என்று நினைத்தேன். அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் சைக்கிளைத் திருப்பியதும் பின்னாலேயே ஓடிவந்தது. எவ்வளவு தூரம் வந்தது என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் வேகமாக மிதித்தேன்.

உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டில் சோறு பிசைந்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். பத்துப் பதினைந்து நாள் இருக்கும். திரும்பி வராதா என்று ஒருநாள் கேட்டாய். அதற்குப் பிடித்திருந்தால் வரும் என்றேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை. எதையும் என்னிடம் கேட்பதையும் சொல்வதையும் அப்போதுதான் நிறுத்தினாயோ என்று இப்போது தோன்றுகிறது. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அந்தப் பழைய பாலத்தின் தூண்கள் இடிந்து விழுந்தபோது ஊரே பார்க்கப் போனது. என்னால் போகமுடியவில்லை. அம்மாவுக்குக்கூட இது தெரியாது. அப்பாயி போய்விட்டாள், அவள்மேல் பழியைப் போட எனக்கு மனமில்லை. கட்டியது என் கை.

அதனால்தான் கதம்பத்தைச் சாக்கில் கொண்டுபோகமாட்டேன். நீ கொண்டுவந்த கூடையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், நாலு பக்கமும் வெளியே பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் வைத்துப் பழக்கப்போகிறார் அந்த அம்மா. முதல் நாள் சாப்பிடாமல் இருந்தாலும் இருக்கும், இரண்டாம் நாளும் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும், பட்டினி பூனையின் ஈரலைக் கெடுத்துவிடும் என்று அவரே சொன்னார். எனக்கு தினமும் போன் செய்வார். சரிப்படவில்லை என்றால் எந்த நேரமானாலும் போய் அழைத்துவருவேன். அம்மாவை உன் பெரிய அத்தை வீட்டில் நாலு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆடியில் வீடு மாற்றக்கூடாது, பூனையானாலும் சரி என்று அம்மா பிடிவாதமாக இருப்பதால் ஆவணி பிறந்துதான் கொண்டுபோகிறேன். அதுவரை அது இருப்பது கூடத்தில், அம்மா இருப்பது அறைக்குள்.

பணம் தேவையென்றால் எழுது. பென்ஷன் எங்களுக்குப் போதுமானதற்குமேல் இருக்கிறது.

பழகிய வாசனை உள்ள துணி ஒன்று கூடவே வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். அம்மாவின் பழைய புடவையை வைத்துப் பார்த்தேன், அதில் படுக்கவில்லை. அது தூங்குவது பரணில், உன் பெட்டியின்மேல்தான். மூடியின் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. உள்ளே உன்னுடைய துணி இருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் திறக்கவில்லை. திறந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று எழுது. வேண்டாம் என்றால் தொடமாட்டேன், நீ வந்தே திறக்கலாம். பெட்டியோடு வந்தாலும், பெட்டி இல்லாமல் வந்தாலும், என்ன ஏது என்று கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
அப்பா